இறக்கிவிடாத வேட்டி

என் தங்கையின் மாமனாருக்கு முன்னால் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். அதுவும் அவர் கையால் திருநீறு வாங்கும்போது. இந்தச் செய்தி விராலிமலையில் கிளம்பி, நான் பஸ் மாறி அறந்தாங்கிக்கு வந்து சேர்வதற்கு முன்பே என் வீட்டுக்கு வந்துவிட்டது. நான் செருப்பைக் கூடக் கழற்றவில்லை, என் மனைவி கேட்டாள்.

"ஏங்க, பெரிய மனுசர் முன்னாடி தொடை தெரிய நின்னீங்களாமே?"

தொடையெல்லாம் தெரியவில்லை. முழங்கால்தான் தெரிந்தது. வழியில் செய்தி கொஞ்சம் வளர்ந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டுவதை யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். வயலில் இறங்கினால் கட்டலாம், வண்டி ஓட்டினால் கட்டலாம், பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கினால் கட்டலாம். சண்டைக்குப் போனால் கட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சண்டைக்கு வந்திருப்பதையே யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் மூத்தவர் எதிரே வந்தால் இறக்கிவிட வேண்டும். இடுப்பில் ஒரு தட்டு தட்டினால் போதும், அது தானாகக் கணுக்காலுக்கு இறங்கிவிடும். இறக்கியதை அவர் பார்த்தாரா என்று ஓரக்கண்ணால் உறுதி செய்துகொள்வதும் மரியாதையில் சேர்த்திதான். பார்க்காமல் போகிறவராக இருந்தால் லேசாக இருமிக் காட்டலாம். நான் நிறைய இருமியிருக்கிறேன்.

இதையெல்லாம் நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். பத்து வருஷம் துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். அங்கே பேன்ட்டை இறக்கிவிட்டு யாருக்கும் மரியாதை செய்ய முடியாது. ஊருக்கு வந்து சொந்தமாக ஒரு ரிப்பேர் கடை போட்ட பிறகு, புதிதாக சைக்கிள் பழகியவன் கடைக்குப் போக அலைவானே, அந்த மாதிரி நான் வேட்டி கட்ட விசேஷம் தேடி அலைந்தேன். கல்யாணம், கருமாதி, வங்கி லோன் மேளா, எதையும் விடவில்லை. எட்டு முழ வேட்டியைக் கஞ்சி மொறமொறப்போடு கட்டிக்கொண்டு, கரை நேராக நிற்கிறதா என்று கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். என் மனைவி புடவை கட்டி முடித்து எனக்காகக் காத்திருப்பாள்.

ஆனால் கட்டியிருக்க வேண்டிய ஒரு நாளில் நான் வேட்டி கட்டவில்லை. தங்கையின் கல்யாணத்துக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மணமேடைக்கு அழைத்து வருகிற மச்சான் முறையை, என் பெரியப்பா மகன் செய்தான். புதுக்கோட்டையில் அரசாங்க வேலையில் இருக்கிற அண்ணன் அவன். நான் துபாயில் ஆறு பேர் தங்கியிருந்த அறையில், இரட்டைக் கட்டிலின் மேல்தட்டில் உட்கார்ந்து, போனில் அதைப் பார்த்தேன். தாலி கட்டுகிற நேரம் பார்த்து படம் உறைந்துபோனது. அண்ணன் வாயைத் திறந்தபடி திரையில் நின்றான். அன்றைக்கு அழுத அழுகையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்போதே மனசுக்குள் ஒன்றை முடிவு செய்துகொண்டேன். தங்கைக்குப் பிள்ளை பிறந்தால், தாய்மாமன் மடியில் வைத்து மொட்டை போட்டுக் காது குத்துகிற அன்று, அந்த மடி என்னுடையதாக இருக்க வேண்டும். பெண் குழந்தை பிறந்தது. நானும் ஊருக்குத் திரும்பியிருந்தேன்.

அந்தக் காதுகுத்துக்கு நாள் பார்ப்பது பற்றிப் பேசத்தான் விராலிமலைக்குப் போனேன். தாய்மாமன் முறையாகப் போகிறான் என்றால் வெறுங்கையோடு போக முடியுமா? விடியற்காலையிலேயே கட்டுமாவடிக்குப் போய், படகிலிருந்து இறங்கிய ஒரு வஞ்சிரத்தை முழுசாக வாங்கி, ஐஸ் போட்டு, தெர்மாகோல் பெட்டியில் அடைத்துக்கொண்டேன். கடலுக்கும் விராலிமலைக்கும் நடுவில் எங்கள் மாவட்டமே படுத்திருக்கிறது. அங்கே நல்ல கடல்மீன் என்றால் சம்பந்தி வீட்டில் தனி மதிப்பு. குறிப்பாக மாமாவுக்கு மீன் என்றால் உயிர். தங்கையின் மாமனாரைத்தான் மாமா என்கிறேன்.

மாமா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வாழ்நாள் முழுக்கப் படியில் தொங்குகிறவர்களின் கால்களைக் கண்காணித்தவர். அதனால் யாரைப் பார்த்தாலும் அவர் பார்வை முதலில் காலுக்குத்தான் போகும், அப்புறம்தான் முகத்துக்கு வரும். நாலு முழ வேட்டி வீட்டோடு சரி, வெளியே எட்டு முழம்தான் என்பது அவர் சட்டம். என் வேட்டியை அவர் பலமுறை மெச்சியிருக்கிறார்.

பஸ்ஸில் கூட்டம். பெட்டியை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். இலுப்பூர் தாண்டியபோது காலில் ஜில்லென்று இருந்தது. காற்று என்று நினைத்தேன். விராலிமலையில் இறங்கியபோதுதான் போனை எடுத்துப் பார்த்தேன். தங்கை முந்தின நாளே குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

"அண்ணே, மாமா காவடிக்கு மாலை போட்டுருக்காங்க. வீடே விரதம். மீனு கீனுன்னு எதையும் தூக்கிட்டு வந்துராத. அந்த வாடை பட்டா விரதம் போச்சுன்னு மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிச்சுருவாங்க. சொல்லிட்டேன்."

குனிந்து பார்த்தேன். வேட்டியின் முன்பக்கக் கரையோரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு இளஞ்சிவப்பு. பஸ் ஸ்டாண்டு குழாயில் கழுவினேன். கழுவக் கழுவ அது இரண்டு சாண் ஆனது. பக்கத்தில் ஒரு பரோட்டாக் கடை இருந்தது. கடைக்காரர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். பெட்டியை அவர் மேஜையில் வைத்து, "அண்ணே, இதை நீங்களே வச்சுக்கங்க" என்றேன்.

அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "முழு வஞ்சிரத்தை எவனாச்சும் சும்மா குடுப்பானா? என்னண்ணே, களவு மீனா?"

"இல்லண்ணே. விரத வீட்டுக்குப் போறேன்."

"அது சரி. வேட்டியெல்லாம் ரத்தமா இருக்கே!" என்று அவர் சொல்லும்போதே ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஹாரன் சத்தம். மாமா, கழுத்தில் மாலையும் இடுப்பில் காவி வேட்டியுமாக, என்னை அழைத்துப் போக மொபெட்டோடு நின்றார். ஒரு ஜவுளிக்கடைக்குள் ஓடிப் புது வேட்டி வாங்கலாம் என்ற யோசனை எனக்கு வந்தது, ஆனால் அவர் கையசைத்துவிட்டார். சட்டென்று வேட்டியைத் தூக்கி மடித்துக் கட்டி, கறையை இடுப்புக்குள் செருகி, சட்டையை இழுத்து மூடினேன்.

"வாங்க மாப்ள, ஏறுங்க" என்றார். வண்டியில் ஏறும்போது மடித்துக் கட்டியிருப்பது நியாயம்தான், அவர் ஒன்றும் நினைக்கவில்லை. காற்று முன்னாலிருந்து அடித்ததால் வாடை பின்னால் போனது. முருகன் காப்பாற்றினான் என்று நினைத்தேன். ஆனால் பின்னால் இரண்டு நாய்கள் இருந்தன. பஸ் ஸ்டாண்டிலிருந்து அவை வண்டியோடேயே ஓடிவந்தன. குரைக்கவில்லை. என் இடுப்பைப் பார்த்தபடி மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தன.

மாமா கண்ணாடியில் பார்த்துவிட்டார். "பாத்தீங்களா மாப்ள? மாலை போட்ட ஒடம்பு. வாயில்லாச் சீவனுக்குக்கூடத் தெரியுது" என்றார் பரவசமாக.

"ஆமாங்க மாமா" என்றேன்.

வீட்டுக்கூடத்தில் வேறு வாடையே தெரியாத அளவுக்குச் சாம்பிராணிப் புகை. மாலை போட்ட சாமிமார் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் வேட்டியும் கணுக்கால் வரைக்கும். நான் வாசலைத் தாண்டினேன். இறக்கிவிட வேண்டிய இடம் அதுதான். தட்டவில்லை. தங்கை கண்ணால் என் காலைக் காட்டினாள். நான் பல்லியைத் தேடுவது போல உத்தரத்தைப் பார்த்தேன். அவள் இருமினாள். நானும் பதிலுக்கு இருமினேன். பூஜை முடிந்து மாமா திருநீற்றுத் தட்டோடு வந்தார். எல்லோரும் எழுந்து நின்றோம். என் முன்னால் வந்தவர், வழக்கம்போல முதலில் காலைப் பார்த்தார். முழங்காலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். நான் இறக்கிவிட அவர் அவகாசம் கொடுக்கிறார் என்பது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. நான் தலையை மட்டும் குனிந்து நீட்டினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் பிழைத்திருக்கும். அவர் விரதம் செத்திருக்கும். தங்கைக்கும் ஏச்சு விழுந்திருக்கும்.

அவர் திருநீற்றைப் பூசினார். விரல் நெற்றியில் படவே இல்லை, தூள் மட்டும்தான் விழுந்தது.

"காதுகுத்து விசயமா..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லி அனுப்புறோம், தம்பி" என்றார்.

காலையில் மாப்ள, மத்தியானத்துக்குள் தம்பி. சாப்பிடாமலே கிளம்பி வந்துவிட்டேன்.

அன்றைக்கு என் மனைவிக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் வேட்டியை மோந்து பார்த்து, மூன்று நாள் வெயிலில் போட்டு, பிறகு மோட்டார் துடைக்க எடுத்துக்கொள்ளச் சொன்னாள். "காவடி எறங்கட்டும், போன் போட்டு நடந்ததச் சொல்லிருங்க" என்றாள். தைப்பூசம் முடிந்தது. போனை எடுப்பேன், வைப்பேன். விரத வீட்டுக்கு மீன் ரத்தத்தோடு வந்தேன் என்று போனில் எப்படிச் சொல்வது? கடைசியில் தங்கையிடம் சொன்னேன், அவள் கெஞ்சினாள். "காவடி நல்லபடியா எறங்குனதுல ரொம்ப சந்தோசமா இருக்காங்கண்ணே. இப்பப் போயி அதக் கெடுக்காத. நானே மெதுவாச் சொல்றேன்." மெதுவாக என்றால் இரண்டு மாதம் என்று நான் நினைக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் அவளே அழுதுகொண்டே போன் செய்தாள். பங்குனியில் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. எனக்கும் பத்திரிகை உண்டு. ஆனால் பிள்ளையை மடியில் வைப்பது பெரியப்பா மகன். அவனும் மாமன் முறைதானாம். "மரியாத தெரிஞ்ச பையன்" என்று மாமா சொன்னாராம்.

அவனுக்கு மரியாதை தெரியும் என்பது ஊருக்கே தெரியும். போனில் பெரியவர்கள் பேசினாலே எழுந்து நின்று வேட்டியை இறக்கிவிடுகிற ஆள். எனக்கு வந்த கோபத்தில் கடையில் ஒரு ஃபேனைத் தப்பாக மாட்ட, அது காற்றை மேல்நோக்கி அடித்தது. போகவே கூடாது என்று இரண்டு நாள் வீறாப்பாக இருந்தேன். மூன்றாம் நாள் சீர் வாங்கக் கிளம்பிவிட்டேன். கம்மல், கவுன், பழம், வெல்லம், பதினோரு தட்டு. என் மருமகளுக்கு நான் கொடுப்பதை எவன் தடுப்பான்?

கோயில், ஒரு கண்மாய்க் கரைக்கு அப்பால் புளியமரங்களுக்கு நடுவில். ரோட்டிலிருந்து இறங்கினால் கருவேல முள், சேறு, ஆட்டுப் புழுக்கை. சீர்த்தட்டோடு வந்த ஆண்கள் எல்லோரும் வேட்டியைத் தூக்கிக் கட்டினார்கள். நான் கட்டவில்லை. அன்றைக்கு என்ன வந்தாலும் வேட்டியை மடிப்பதில்லை என்று சபதம். பெருவிரல் மறைகிற அளவுக்கு இறக்கிக் கட்டியிருந்தேன். முள் மாட்டியது. ஒரு சின்னப் பெண் கரையை மிதித்துக்கொண்டு வந்தாள். இரண்டு இடத்தில் விழப் பார்த்தேன். புதுப்பெண் போல அடிமேல் அடி வைத்து வந்து சேர்ந்தபோது மாமா வாசலில் நின்றார். காலைப் பார்த்தார். இப்போதாவது ஒரு சொல் வரும் என்று நின்றேன். "வாங்க" என்று பொதுவாக, எனக்கும் தட்டுகளுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

பந்தலுக்குள் அண்ணன் கழுத்தில் மாலையோடு பலகையில் உட்கார்ந்துவிட்டான். நாவிதர் கத்தியை எடுத்து வைத்தார். பக்கத்தில் காது குத்த ஆசாரி. தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மறுபடியும் போனில் பார்ப்பது போலவே இருந்தது. சமையல் நடக்கிற பக்கம் போய் ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அங்கே பெரிய அண்டாவில் கறிக்குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நிமிர்ந்தார். பரோட்டாக் கடைக்காரர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் விசேஷம் என்றால் சமையலுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்களாம்.

"அண்ணே! வஞ்சிரத்தக் குடுத்துட்டு ஓடுனவருதானே நீங்க?" பந்தல் வரைக்கும் கேட்டிருக்கும். "அன்னைக்கி கொழம்பு தின்னவனெல்லாம் இன்னும் அதையே கேக்குறான். வேட்டியெல்லாம் ரத்தமா இருந்துச்சே, கறை போயிருச்சா?"

நான் கண்ணைக் காட்டினேன். புரியவில்லை. கையைக் காட்டினேன். அவர் எனக்குப் பின்னால் பார்த்து, "வாங்க மாமா, வெந்நீ இங்கிட்டு இருக்கு" என்றார்.

மொட்டைக்கு வெந்நீர் கேட்டு வந்த மாமா, சொம்போடு அப்படியே நின்றார்.

"என்னைக்கி?" என்றார்.

"தைப்பூசத்துக்கு முன்னாடிங்க மாமா" என்றார் கடைக்காரர் உற்சாகமாக. "நீங்க கூட வண்டியோட எதிர்த்தாப்ல நின்னீங்களே."

மாமா ஒவ்வொரு ஸ்டாப்பாக மனசுக்குள் இறங்கி ஏறுவது எனக்குத் தெரிந்தது. என் முகத்தில் ஈயாடவில்லை.

"மாலை போட்ட வீட்டுக்கு மீனோடயா வந்த?"

"மீனு வரலைங்க மாமா. அது இவரு கடையோட நின்னுருச்சு. வேட்டியில சொட்டுனது மட்டுந்தான் கூட வந்துச்சு. அது ஒங்க கண்ணுல படக் கூடாதுன்னுதான் மடிச்சே வச்சிருந்தேன்."

"என் வண்டியிலயா?"

"ஆமாங்க."

அவர் முகம் மெல்ல மாறியது. கோபம்தான் வரப்போகிறது என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அப்ப அந்த நாயி ரெண்டும்..."

நான் தரையைப் பார்த்தேன்.

"அட முருகா!" என்று சொம்பைக் கீழே வைத்துவிட்டார். "நாயி பின்னாடியே வந்த கதைய நான் சொல்லாத ஆளு இல்லையேப்பா. காவடி மேடையில மைக்குல வேற சொன்னேனே."

கடைக்காரர் அண்டாவுக்குள் குனிந்துகொண்டார். அவர் முதுகு குலுங்கியது. மாமா என் கையைப் பிடித்து மரத்துக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போனார். பிடித்த கையை விடவில்லை.

"எனக்காகத்தான் பத்துப் பேரு முன்னாடி அப்பிடி நின்னியா?"

"ஆமாங்க மாமா."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா ஒங்க விரதம்..."

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வைக்காகத் துடைத்தாரா என்று எனக்குத் தெரியாது.

"காவடி எறங்கி ரெண்டு மாசமாச்சு. முருகனே ஒண்ணுஞ் சொல்லல, நான் என்னத்தச் சொல்ல?" என்றார். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "நாயி சமாச்சாரம் இத்தோட இருக்கட்டும். வாங்க மாப்ள" என்றார்.

பந்தலுக்குள் போய், "அவரு எந்திரிக்கட்டும், தாய்மாமன் வந்தாச்சு" என்று பொதுவாக அறிவித்தார். அண்ணன் எழுந்திருக்கவில்லை. இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நெளிந்தான். மாமா, "சும்மா எந்திரிங்க தம்பி" என்று தோளைப் பிடித்துத் தூக்கினார். சர்ர்ர் என்று ஒரு சத்தம். மரியாதை தெரிந்த பையன் கட்டியிருந்தது, இடுப்பில் வெல்க்ரோ பட்டை வைத்த ஒட்டுவேட்டி. சம்மணம் போட்டதில் பாதி ஏற்கெனவே பிரிந்திருந்தது. மீதியைக் கையால் அள்ளிக்கொண்டு, மாலையைக் கழற்றி என் கழுத்தில் எறியாத குறையாகப் போட்டுவிட்டு, கார் நின்ற திசையில் போனான். மாமா அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. கல்யாணத்தில் அவன் வாயைத் திறந்தபடி நின்றதற்கும் சேர்த்துச் சிரித்துக்கொண்டேன்.

தங்கை குழந்தையை என் மடியில் உட்கார வைத்தாள். கனமே இல்லை. முதலில் என் மாலையிலிருந்து ஒரு ரோஜா இதழைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டது. தலையில் தண்ணீர் பட்டதும் முறைத்தது. கத்தி பட்டதும் சிணுங்கியது. மொட்டை முடிந்து சந்தனம் பூசி, ஆசாரி முதல் காதில் குத்தினார். குழந்தை வீறிட்டது. கூடவே என் மடியில் சூடாகப் பரவியது. எட்டு முழமும் கஞ்சியும் அதைத் தாங்கவில்லை. தொடையிலிருந்து கரை வரைக்கும் நனைத்துவிட்டுத்தான் நின்றது. ரோஜாச் சாறும் சந்தனமும் முடியும் அதோடு சேர்ந்துகொண்டன.

எழுந்து நின்றபோது எல்லோர் கண்ணும் என் வேட்டியில். மாமா கிட்டே வந்தார். காலைப் பார்த்தார்.

"ஈரமா இருக்கு மாப்ள. நல்லாத் தெரியுது. மடிச்சுக் கட்டிக்கங்க" என்றார்.

"இருக்கட்டுங்க மாமா" என்றேன்.

பந்தி முடிகிற வரைக்கும் அதை இறக்கிவிட்டபடியே எல்லோர் நடுவிலும் நடந்தேன். தெரியாதவர்கள் இரண்டு பேரை நிறுத்தி, இது என் மருமகள் செய்த வேலை என்று நானே காட்டினேன்.